எச்.ஐ.வி.: மருந்து செய்ததும் ஊர் செய்ய வேண்டியதும்

எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவர் இன்று தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, காடு கரைக்குப் போய் வேலை பார்த்து, கல்யாணம் முடித்து, தொற்றில்லாத பிள்ளையைப் பெற்று, பேரன் பேத்தி எடுக்கும் வயதுவரை வாழ முடியும். அரசு மையத்தில் அந்த மாத்திரைக்குக் காசு இல்லை. நம் ஊரான எழுமலையில் இருக்கிற ஒருவருக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் பஸ் ஏறிப் போய்த் திரும்பும் தூரத்திலேயே கிடைக்கின்றன.

இருந்தும், நம் நாட்டில் தொற்றோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. 2023-ம் ஆண்டில் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இந்தியாவில் 35,000 பேருக்கு மேல் இறந்திருப்பதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிடுகிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இத்தனை சாவு ஏன்? பலரும் ஊசிக்குப் பயப்படவில்லை, ஊருக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கும் வேலையை எந்த மருத்துவராலும் தனியாகச் செய்துவிட முடியாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். எப்படிச் செய்வது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

1. இதுவரை நடந்தது

கதை நம் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த மருத்துவர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் அப்போது சோதித்துப் பார்க்க வசதி இல்லை. மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் எடுத்துப் போனார். 6 பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான். ‘அது வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம்மிடம் வராது’ என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு அது பேரதிர்ச்சி.

அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட முந்திக்கொண்டது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவர் சுவராகக் கேட்ட விளம்பரம் இன்றும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஆணுறை என்ற சொல்லை நாலு பேர் முன்னால் சொல்லவே கூசிய காலத்தில், அந்த விளம்பரம் டீக்கடைப் பேச்சில் விஷயத்தைக் கொண்டுவந்து வைத்தது. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்த தொற்று இப்போது 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

மருந்தின் விலையும் இதேபோல இறங்கியது. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக 2001-ல் இந்திய நிறுவனமான சிப்லா அறிவித்தது. உலகின் ஏழை நாடுகளுக்கெல்லாம் அது வாசலைத் திறந்துவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. முதலில் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2017-லிருந்து தொற்று உறுதியான எல்லாருக்கும் உடனே கொடுக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்களும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவரிடமிருந்து தொற்றுப் பெற்று இளம் வயதிலேயே விதவையானவர். முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசினார். 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பை மற்ற பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். இன்று ஒரு பெண் மையத்துக்குப் போய் மரியாதையோடு மாத்திரை வாங்க முடிகிறது என்றால், அதில் இவர்களைப் போன்றவர்களின் உழைப்பும் இருக்கிறது.

இந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் 2010-லிருந்து 2023-க்குள் இந்தியாவில் எய்ட்ஸ் சாவுகள் ஏறக்குறைய 79 சதவீதமும் புதிய தொற்றுகள் ஏறக்குறைய 44 சதவீதமும் குறைந்தன.

2. பரவும் வழி, பரவாத வழி

பரவும் வழிகள் நான்கு: தொற்றுள்ளவரோடு ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்படுவது, தாயிடமிருந்து வயிற்றில், பிரசவத்தில் அல்லது தாய்ப்பாலில் பிள்ளைக்குப் போவது.

பரவாத வழிகளைத்தான் நாம் அதிகம் மறந்துபோகிறோம். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே கழிப்பறை, ஒரே பாய், கொசுக்கடி, இருமல், முத்தம், கட்டிப்பிடித்து அழுவது ஆகிய எதிலும் பரவாது. இறந்தவரைக் குளிப்பாட்டும்போது எந்த நோயாளிக்கும் செய்வதுபோலக் கையுறை போட்டுக்கொண்டால் போதும். சடங்கு எதையும் குறைக்கத் தேவையில்லை.

இத்தோடு, புதிதாக ஒன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று போகாது. 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, சிகிச்சையை முன்கூட்டித் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் காட்டியது. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் வழியாகச் சென்னைத் தம்பதிகளும் அந்த ஆய்வில் கலந்துகொண்டார்கள். அதன்பிறகு வந்த ஆய்வுகள், வைரஸ் அளவு அடங்கியவரிடமிருந்து பரவுவதே இல்லை என்பதை உறுதிப்படுத்தின. ஆக, ஒருவர் மாத்திரை சாப்பிட நாம் உதவினால், இன்னொருவருக்குத் தொற்று வராமலும் தடுக்கிறோம்.

3. நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும்?

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் அறைக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். நம் பக்கத்துக்கு உசிலம்பட்டி அரசு மருத்துவமனை கைக்கு அருகில் இருக்கிறது. ஊரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். எங்கே போனாலும் பரிசோதனை இலவசம்.

உள்ளே ஒரு மேசை, எதிரெதிரே நாற்காலிகள். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். ஏன் வந்தீர்கள், பரிசோதனை என்றால் என்ன, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லி, உங்கள் சம்மதம் கேட்பார். வேண்டாம் என்று எழுந்து போகவும் உரிமை உண்டு. சம்மதித்தால் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். துரிதப் பரிசோதனை அட்டையில் அதன் துளியைவிட்டால் சில நிமிடங்களில் கோடு தெரியும். முதல் அட்டையில் தொற்று என்று காட்டினால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு முறையில் மொத்தம் மூன்று பரிசோதனை செய்து மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்வார்கள். முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்வார்கள். கூட வந்தவரிடம் அவர் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டார்கள்.

சமீபத்தில்தான் ஆபத்தான தொடர்பு ஏற்பட்டது என்றால் உடனே பார்த்த பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தொடர்பு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து உண்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கும், நோயாளிக்குக் குத்திய ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்ட செவிலியருக்கும் இந்த 72 மணி நேரக் கணக்கு உயிர்க் கணக்கு.

4. மாத்திரை

தொற்று உறுதியானால் நம்பிக்கை மையத்திலிருந்து, கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, ஒரே நேரத்தில். வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விட்டவர்களுக்கு வைரஸ் மறுபடியும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

நிலை சீரானவர்களுக்குச் சில மாதங்களுக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதுண்டு. பிழைப்புக்குத் திருப்பூரோ கேரளமோ போகிறவர் போகும் முன் மையத்தில் சொல்லிவிட்டால் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். இது தெரியாமல்தான் பலர் ஊர் மாறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

தொற்றுள்ளவர்களைக் கொல்லும் நோய்களில் முதலிடத்தில் இருப்பது காசநோய். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை என்று எது வந்தாலும் உடனே மையத்தில் காட்ட வேண்டும்.

5. நீங்கள் செய்யக்கூடியவை

*அ. தெரிந்ததைக் காதும் காதும் வைத்தமாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.* ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். ஊர் வாயை மூட முடியாவிட்டாலும் நம் வாயை நாம் மூடிக்கொள்ளலாம். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை உங்கள் வீட்டுக்காரரிடம்கூட அவர் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். “அந்தத் தெருவில் ஒரு ஆளுக்கு அது இருக்காம்” என்று பெயர் சொல்லாமல் சொன்னாலும் சின்ன ஊரில் அது யார் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த ஆள் பரிசோதனைக்கு வருவார்.

*ஆ. கூடப் போங்கள்.* முதல் தடவை மையத்துக்குப் போவதும், முதன்முதலில் மாத்திரை வாங்கப் போவதும்தான் கஷ்டம். கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் சம்பளம் போகும், பஸ் காசு ஆகும். உங்களால் முடிந்தால் அதைக் கொடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று சொல்வதும் பெரிய உதவிதான். பயணச் செலவு, மாத உதவித்தொகை போன்ற அரசுத் திட்டங்களில் எதற்கெல்லாம் அவருக்குத் தகுதி உண்டு என்று ஆலோசகரிடம் கேட்டு, மனு எழுதிக் கொடுங்கள்.

*இ. சேர்ந்து சாப்பிடுங்கள்.* வீட்டுக்குள்ளேயே தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று ஆரம்பிப்பதுதான் முதல் கொடுமை. ஒதுக்கிவைப்பது என்றால் என்ன என்று நம் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து உத்தப்புரத்தில் சாதியின் பேரால் ஊரை இரண்டாகப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6-ல்தான். அப்படிப்பட்ட மண்ணில் இன்னொரு தீண்டாமையை நம் கையால் வளர்க்கக் கூடாது. விசேஷ வீட்டில் அவருக்குப் பக்கத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். அவர் கையால் பரிமாறச் சொல்லிச் சாப்பிடுங்கள். நூறு கூட்டம் போட்டுப் பேசுவதைவிட இது ஊருக்கு நன்றாகப் புரியும்.

*ஈ. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.* மருத்துவமே பார்க்காமல் விட்டால் தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றோடு பிறக்கவோ தாய்ப்பாலில் தொற்றுப் பெறவோ கூடும். தாய் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும். பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு போடும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் எச்.ஐ.வி. பரிசோதனையையும் முடித்துவிடச் சொல்லுங்கள். கணவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் பழி மருமகள் தலையில் மட்டும் விழாது.

*உ. கல்யாணப் பேச்சில் இதையும் பேசுங்கள்.* சாதகம் பார்க்கிறோம், நகை பேசுகிறோம். இரண்டு பேரும் அவரவர் விருப்பத்தோடு நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லலாம். கட்டாயப்படுத்தக் கூடாது. முடிவு அவர்களுக்குத்தான் சொந்தம், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் போட்டு அலசுவதற்கு இல்லை. தொற்றுள்ளவருக்குக் கல்யாணம் செய்யத் தகுதி இல்லை என்றும் ஆகிவிடாது. மறைக்காமல் சொல்லி, சிகிச்சையில் இருந்து, மனமொத்து வாழ்கிற தம்பதிகள் உண்டு.

*ஊ. வெளியூர் போகிற பிள்ளைகளிடம் பேசுங்கள்.* எழுமலையிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் பிழைக்கப் போகிற இளைஞர்களிடம் சம்பளத்தை அனுப்பு என்று மட்டும் சொல்லாமல், ஆணுறையைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும் ஓர் அண்ணனாகவோ மாமனாகவோ மனம்விட்டுப் பேசுங்கள். கல்லூரியில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் இருந்தால் பிள்ளைகளை அதில் சேரச் சொல்லுங்கள்.

*எ. பாலியல் தொழிலாளர்களையும் திருநங்கைகளையும் மதியுங்கள்.* ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கும், போதை ஊசி போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தொற்று அபாயம் இவர்களுக்கு அதிகம். விரட்டினால் ஒளிவார்கள். ஒளிந்தால் ஆணுறையும் போய்ச் சேராது, மாத்திரையும் போய்ச் சேராது. இவர்களிடையே வேலை பார்க்கும் களப்பணியாளர் உங்கள் தெருவுக்கு வந்தால் சந்தேகமாகப் பார்க்காமல் வேலை செய்ய விடுங்கள்.

*ஏ. இரத்தம் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்.* 2018 டிசம்பரில் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞர், பிறகு தமக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் அதை மறைக்கவில்லை. தகவல் சொல்லப்பட்டதால்தான் நடந்தது வெளியே வந்தது. தாய்க்குச் சிகிச்சை தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிறந்த அவருடைய குழந்தைக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் அதே மாத்திரை இருந்தது, நீண்ட வாழ்க்கை இருந்தது. இரத்தம் கொடுக்கும் முன் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் கொடுக்காமல் விலகிவிடுங்கள். தொற்று உறுதியாகிப் புதிதாக அதிர்ச்சியில் இருப்பவரை முதல் சில நாட்கள் தனியே விடாதீர்கள். மனம் உடைந்து பேசினால் 104 அல்லது 14416 எண்ணைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

6. எப்படிப் பேசுவது?

உங்கள் மதினி அடுப்படியில் மெதுவாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “ஒங்க அண்ணனுக்கும் எனக்கும் அந்த நோய் இருக்காம். வெளிய தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்.”

சொல்லக் கூடாதவை: “ஐயையோ, எப்படி வந்துச்சு?” “அண்ணன் அப்பவே சரியில்லன்னு தெரியும்.” “புள்ளையத் தூக்காதீங்க மதினி.”

சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்: “எங்கிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு மதினி. இது இப்ப சுகர் மாத்திரை மாதிரி தினம் ஒண்ணு போடுற சமாச்சாரம். மையத்துக்கு எப்பப் போகணும்னு சொல்லுங்க, நான் கூட வாறேன். யாராச்சும் கேட்டா மதுரையில கண்ணு காட்டப் போறோம்னு சொல்லிக்கிருவோம். என் வாயிலருந்து ஒரு வார்த்தை போகாது.” அப்புறம் ஒரு வாய் காப்பியை அவர் டம்ளரிலேயே வாங்கிக் குடியுங்கள்.

எப்படி வந்தது என்ற கேள்வி யாருக்கும் உதவாது. எப்போது போகலாம் என்ற கேள்விதான் உதவும். பேச்சிலும் எழுத்திலும் ‘எய்ட்ஸ் நோயாளி’ என்று முத்திரை குத்தாமல் ‘எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்’ என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்பது வைரஸ். சிகிச்சை இல்லாமல் எதிர்ப்புச் சக்தி முற்றிலும் குறைந்துபோன நிலைதான் எய்ட்ஸ். மாத்திரை சாப்பிடும் பலர் அந்த நிலைக்குப் போவதே இல்லை.

7. சட்டம் யார் பக்கம்?

2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஊரார் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

— தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவோ, பள்ளியில் சேர்க்க மறுக்கவோ, வைத்தியம் பார்க்க மறுக்கவோ, வாடகை வீடு தர மறுக்கவோ கூடாது.

— சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவரின் நிலையைச் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது.

— தொற்றுள்ளவர்கள்மீது வெறுப்பைத் தூண்டிப் பேசினாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

— தாய் தகப்பனை இழந்த அல்லது அவர்கள் நோயில் விழுந்த வீட்டில், 12 வயதுக்கு மேற்பட்ட, விவரம் தெரிந்த அக்காளோ அண்ணனோ தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக இருந்து பள்ளியில் சேர்ப்பது முதலான காரியங்களைச் செய்யலாம்.

— புகார் சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலோ கிராம சபையிலோ இருக்கிறவர்கள் இந்தச் சட்டத்தின் பெயரையாவது நினைவில் வைத்திருங்கள். “சட்டப்படி தப்பு” என்று ஒருவர் எழுந்து சொன்னால் போதும், பல அநியாயங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

8. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முழுக் குணமாகும் மருந்து உண்டா?* இன்றைக்கு ஊர் மக்களுக்குக் கொடுக்கும்படியான முழுக் குண மருந்து கிடையாது. அடக்கி வைக்கும் மருந்து உண்டு. 90 நாளில் வேரோடு அறுத்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பி மாத்திரையை நிறுத்தினால் உயிர் போகும்.

*தடுப்பூசி?* இன்னும் இல்லை. ஆனால் தொற்று இல்லாதவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் லெனாகபாவிர் என்ற தடுப்பு ஊசி மருந்து வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-ல் தெரிந்தது. குறைந்த விலையில் தயாரிக்க இந்திய நிறுவனங்களும் உரிமம் பெற்றிருக்கின்றன.

*தொற்றுள்ள பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு விளையாடலாமா?* தாராளமாக. அடிபட்டு இரத்தம் வந்தால், எந்தப் பிள்ளைக்கும் செய்வதுபோல வெறும் கையால் தொடாமல் கழுவிக் கட்டுப்போட்டால் போதும்.

*முடி திருத்தும் கடையில்?* ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள். மற்றச் சில தொற்றுகளுக்கும் அதுதான் காப்பு.

9. இந்த மாதமே செய்ய வேண்டியவை

— நீங்கள் ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செய்துகொண்டேன் என்று நாலு பேரிடம் சாதாரணமாகச் சொல்லுங்கள். போய்ப் பார்ப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று ஊருக்குத் தெரிய அதைவிட நல்ல வழி இல்லை.

— 1097 என்ற இலவச எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லாமலே சந்தேகம் கேட்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் நூறு நாள் வேலைத்தளத்திலும் அந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.

— உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒதுக்கி வைக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

— டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். ஊர்வலத்தோடும் கோஷத்தோடும் நிறுத்தாமல், அன்று எழுமலையிலேயே பரிசோதனை முகாம் நடத்த ஆரம்ப சுகாதார நிலையத்திடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள்.

2030-க்குள் எய்ட்ஸை ஒரு பொதுச் சுகாதார அச்சுறுத்தலாக இல்லாமல் ஆக்குவோம் என்று உலக நாடுகள் உறுதி எடுத்திருக்கின்றன. அதற்கான மாத்திரையும் சட்டமும் மையமும் நம்மிடம் இருக்கின்றன. தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதும், தயங்கி நிற்பவரோடு பஸ் ஏறுவதும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் நம் பொறுப்பு. எழுமலையில் இன்னும் ஒருவர்கூட ஊருக்குப் பயந்து மருந்தில்லாமல் சாகக் கூடாது. அந்தப் பொறுப்பை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்.